திரும்பி வந்த கதைகள்



ரெக்கார்டு நோட்டைத் திருப்பி வாங்காத மாணவன் நம் பாலிடெக்னிக்கில் யாராவது உண்டா? ஒர்க்‌ஷாப் ரெக்கார்டு, லேப் ரெக்கார்டு, டிராயிங் ஷீட்... எதைக் கொண்டுபோய் நீட்டினாலும் முதல் தடவை திரும்பித்தான் வரும். மார்ஜின் சரியில்லை, எழுத்து ஒரே அளவாக இல்லை, மறுபடி போட்டுக் கொண்டு வா என்பார்கள். நாமும் முணுமுணுத்துக்கொண்டே ராத்திரி உட்கார்ந்து மறுபடி போடுவோம். மறுநாள் கையெழுத்து வாங்கிவிடுவோம். அதற்காக யாரும் படிப்பை விட்டுவிட்டு ஊருக்குப் பஸ் ஏறியதில்லை.

ஆனால் ஒரு கதை திரும்பி வந்தால் மட்டும் ஏன் அப்படி வலிக்கிறது?

போன வருஷம் நான் ஒரு பேய்க்கதை எழுதினேன். எங்க ஊர்ல ஒரு பாழடைந்த கிணறு உண்டு. தண்ணியும் இல்லை, மோட்டாரும் இல்லை. ஆனா ராத்திரியில தண்ணி இறைக்கிற சத்தம் கேக்கும்னு சொல்லுவாங்க. அதை வைத்து ஒன்பது பக்கம். கூடவே ஒரு கவிதை. இரண்டையும் ஒரு சிறுபத்திரிகைக்கு அனுப்பினேன். தபால்தலை ஒட்டி, வீட்டு விலாசம் எழுதிய கவரும் உள்ளே வைத்தேன். நாற்பது நாள் கழித்து அந்தக் கவர் வீட்டுக்கு வந்தது. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். என் பேருக்கு வந்த முதல் தபாலும் அதுதான். அம்மா அதை ஏதோ வேலைக்கான ஆர்டர் என்று நினைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்திருந்தாங்க. நான் சனிக்கிழமை ஊருக்குப் போனபோது எடுத்துக் கையில் கொடுத்தாங்க. பிரித்துப் பார்த்தால் என் கதை. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. பெட்டிக்கு அடியில் போட்டுப் பூட்டிவிட்டேன். இனிமேல் இந்த வேலையே வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மனிதரின் வாழ்க்கையைப் படித்தேன். அவர் பெயர் எச். பி. லவ்கிராஃப்ட். அமெரிக்காவில் பேய்க்கதை, மாயக்கதை எழுதியவர். 1937-லேயே இறந்துவிட்டார். ஆக்டோபஸ் போன்ற தலையும் முதுகில் சிறகும் உள்ள ஒரு பிரம்மாண்ட ஜந்துவை கம்ப்யூட்டர் கேமிலோ படத்திலோ நீங்கள் பார்த்திருக்கலாம். அது அவர் கற்பனையில் பிறந்ததுதான். பெயர் கதூலு.

அவர் ஒரு மகான் என்பதற்காக நான் இதை எழுதவில்லை. நான் செய்ய இருந்த தப்பை அவர் எனக்கு முன்னாலேயே செய்துவிட்டார். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

கணக்கில் தடுக்கி விழுந்த பையன்

1890 ஆகஸ்ட் 20-ல், அமெரிக்காவின் மிகச் சிறிய மாநிலமான ரோட் ஐலண்டில், பிராவிடன்ஸ் என்ற நகரத்தில் பிறந்தார் லவ்கிராஃப்ட். அப்பா ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கிற விற்பனைப் பிரதிநிதி. பையனுக்கு மூன்று வயது நடக்கும்போது அப்பாவுக்கு மனநிலை பாதித்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். 1898-ல் அங்கேயே இறந்துபோனார். பையனை வளர்த்தது தாத்தா வீடுதான். பெரிய வீடு, நிறையப் புத்தகங்கள். தாத்தா இருட்டில் பேய்க்கதை சொல்வார். நம்ம வீட்டுத் தாத்தா பாட்டி மாதிரிதான்.

எட்டு ஒன்பது வயதில் அவருக்குக் கெமிஸ்ட்ரி மேல் பைத்தியம். பிறகு வானவியல் மேல். 1899-ல், ஒன்பது வயதுக்குள், சொந்தமாக ஒரு அறிவியல் பத்திரிகை நடத்தினார் என்றால் நம்புவீர்களா? கையால் எழுதி, ஹெக்டோகிராஃப் என்ற முறையில் பிரதி எடுப்பார். ஜெலட்டின் தகட்டில் ஒருவித மையால் எழுதியதை ஒற்றி எடுத்து, அதன்மேல் தாளை ஒவ்வொன்றாக வைத்து அழுத்தினால் சில பிரதிகள் கிடைக்கும். ஜெராக்ஸ் இல்லாத காலத்து ஜெராக்ஸ்! 1906-ல் பதினாறு வயதிலேயே உள்ளூர்ப் பத்திரிகைகளில் வானவியல் கட்டுரை எழுதினார்.

இவ்வளவு கெட்டிக்காரப் பையன் பெரிய விஞ்ஞானியாகத்தானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. 1904-ல் தாத்தா இறந்தார். சொத்து கரைந்தது. வீடு கைவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் அல்ஜீப்ரா அவரைத் துரத்தித் துரத்தி அடித்தது. (எம்-1 அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்கவும்!) 1908-ல் நரம்புத் தளர்ச்சி வந்து, பள்ளிப் படிப்பையே முடிக்காமல் நின்றுவிட்டார். அதே ஊரில் இருக்கும் பிரவுன் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும் என்பது அவர் கனவு. அந்த வாசலை அவரால் மிதிக்க முடியவில்லை. அடுத்த ஐந்து வருஷம் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடந்தார். சான்றிதழ் இல்லை, வேலை இல்லை. அந்த வெட்கம் கடைசி வரை அவரை விடவில்லை.

வெளியே இழுத்து வந்த சண்டை

அவரை வெளியே கொண்டுவந்தது ஒரு பத்திரிகைச் சண்டை. 1913-ல் ஒரு கதைப் பத்திரிகைக்கு, அதில் வந்துகொண்டிருந்த காதல் கதைகளைக் கிண்டல் செய்து கடிதம் எழுதினார். காதல் கதை ரசிகர்கள் சும்மா இருப்பார்களா? பதிலுக்குத் திட்டி எழுதினார்கள். இவர் பதிலைச் செய்யுளிலேயே எழுதினார். மாதக்கணக்கில் ரகளை! இதைக் கவனித்த ஒருவர், 1914-ல் அமெச்சூர் பத்திரிகையாளர் சங்கம் ஒன்றில் சேரும்படி இவரை அழைத்தார்.

அது என்ன சங்கம்? பத்திரிகை ஆசை உள்ளவர்கள் ஆளுக்கு ஒரு சின்ன இதழைச் சொந்தக் காசில் அச்சடித்து, ஒருவருக்கொருவர் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். விற்பனை கிடையாது, சம்பளம் கிடையாது. படித்துவிட்டுக் கறாராக விமர்சனம் எழுதுவார்கள். நம் ஹாஸ்டலில் சுற்றுக்கு விடுகிற கையெழுத்துப் பத்திரிகையை நாடு முழுவதும் நடத்தினால் எப்படி இருக்கும், அது மாதிரி. லவ்கிராஃப்டும் 1915 முதல் சொந்தமாக ஓர் இதழ் நடத்தினார். அவர் சின்ன வயதில் எழுதிய ஒரு கதை 1916-ல் அந்தச் சங்கத்தின் இதழில் வந்தது. அதைப் படித்த டபிள்யூ. பால் குக் என்ற நண்பர், நீ கதைதான் எழுத வேண்டும் என்று விடாமல் தூண்டினார். 1917-ல் மறுபடியும் கதை எழுத ஆரம்பித்தார். அப்போது எழுதிய ‘டேகன்’ என்ற கதை, 1919-ல் குக் நடத்திய இதழிலேயே வெளிவந்தது.

நண்பர்களே, இதைக் கொஞ்சம் கவனியுங்கள். அவரை எழுத்தாளராக்கியது பெரிய பத்திரிகை எதுவும் இல்லை. பத்துப் பேர் படிக்கிற சின்ன இதழும், எழுது எழுது என்று நச்சரித்த ஒரு நண்பரும்தான்.

ஐந்து கதைகளும் ஒரு திமிர்க் கடிதமும்

1923 மார்ச்சில் சிகாகோவில் ‘வியர்ட் டேல்ஸ்’ என்ற பத்திரிகை தொடங்கியது. பேய், பிசாசு, மாயம், விபரீதம்... இவற்றுக்கென்றே ஒரு பத்திரிகை! மலிவான தாள், பெண்ணும் பூதமுமாக அட்டைப்படம். பெரிய மனிதர்கள் ஒளித்து வைத்துப் படிக்கிற ரகம். நண்பர்கள் தள்ளிவிட்டதால் லவ்கிராஃப்ட் தன்னுடைய ஐந்து கதைகளை அதற்கு அனுப்பினார்.

எப்படி அனுப்பினார் தெரியுமா? வரிக்கு வரி இடம் விடாமல் நெருக்கி டைப் அடித்து அனுப்பினார். கூடவே ஒரு கடிதம். அந்தக் கடிதத்தில் தன் கதைகளைத் தானே மட்டம் தட்டினார். இதில் ஒன்றை வேறொரு பத்திரிகை ஏற்கெனவே திருப்பி அனுப்பிவிட்டது என்ற சமாச்சாரத்தையும் சேர்த்துச் சொன்னார். போட்டால் ஒரு கமா கூட மாற்றாமல் அப்படியே போட வேண்டும், இல்லாவிட்டால் வேண்டாம் என்றும் எழுதினார். வேலைக்கு மனு போடுகிறவன், நான் எதற்கும் லாயக்கில்லை, ஆனால் சம்பளத்தில் ஒரு பைசா குறைக்கக் கூடாது என்று எழுதின மாதிரி!

ஆசிரியர் எட்வின் பெயர்டு நல்ல மனிதர். கோபித்துக்கொள்ளாமல், கதைகள் பிடித்திருக்கின்றன, இடைவெளி விட்டு மறுபடி டைப் அடித்து அனுப்புங்கள் என்றார். இது சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் ஆசிரியர் திருத்தக் குறிப்பு எழுதுவது அந்த இடைவெளியில்தான். அச்சுக் கோப்பவர் கண் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தாவாமல் இருப்பதும் அதனால்தான். நம் டிராயிங் ஷீட்டில் மார்ஜின் கேட்பது எதற்கோ, அதற்குத்தான் இதுவும். நமது ஹீரோவுக்கோ டைப் அடிப்பது வேப்பெண்ணெய் குடிப்பது மாதிரி. 1906-ல் வாங்கிய ஒரு ரெமிங்டன் மிஷினைக் கடைசி வரை வைத்துக்கொண்டு அதைத் திட்டிக்கொண்டே இருந்தார். வேண்டாவெறுப்பாக முதலில் ‘டேகன்’ ஒன்றை மட்டும் அடித்து அனுப்பினார். அது 1923 அக்டோபர் இதழில் வந்தது. அவருடைய திமிர்க் கடிதத்தையும் பெயர்டு பத்திரிகையில் அச்சடித்து வேடிக்கை காட்டிவிட்டார்.

ஒரு பிரதி போதாது

1924 மார்ச் 3-ல் லவ்கிராஃப்டுக்கு நியூயார்க்கில் கல்யாணம். பெண் சோனியா கிரீன். தொப்பிக் கடைத் தொழிலில் இருந்தவர், இவரைவிட ஏழு வயது மூத்தவர். அப்போது வியர்ட் டேல்ஸுக்காக இவர் ஒரு கதை எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. மந்திர வித்தைக்காரர் ஹூடினியின் பெயரில், எகிப்து பிரமிடுக்குள் நடக்கும் கதை. கூலி 100 டாலர். கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் டைப் அடித்த கட்டை பிராவிடன்ஸ் ரயில் நிலையத்திலேயே தொலைத்துவிட்டார்! பேப்பரில் விளம்பரம் கொடுத்தும் கிடைக்கவில்லை.

நல்லவேளை, கையால் எழுதிய மூலம் பையில் இருந்தது. புதுமணத் தம்பதி தேனிலவுக்குப் போன பிலடெல்பியாவில், சோனியா படித்துச் சொல்லச் சொல்ல இவர் உட்கார்ந்து டைப் அடித்தார். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்த அம்மாவை நினைத்துப் பாவமாகவும் இருந்தது. ஆனால் ஒரு பாடம் படித்தேன். இன்னொரு பிரதி கையில் இல்லாமல் எதையும் அனுப்பக் கூடாது!

அதே வருஷம் அந்தப் பத்திரிகையின் ஆசிரியர் பதவியே அவரைத் தேடி வந்தது. சிகாகோவுக்குக் குடிபோக மனமில்லாமல் வேண்டாம் என்றுவிட்டார். நியூயார்க்கிலோ வேறு வேலை எதுவும் கிடைக்கவில்லை. முப்பத்து நாலு வயது, சான்றிதழ் கிடையாது, அனுபவம் கிடையாது. யார் வேலை கொடுப்பார்கள்? சோனியாவின் தொழிலும் படுத்துவிட்டது. அவர் வேலைக்காக வேறு ஊருக்குப் போனார். இவர் புரூக்ளினில் ஒற்றை அறையில் தனியாகக் கிடந்தார். 1925-ல் திருடன் புகுந்து அவருடைய நல்ல உடுப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு போய்விட்டான். 1926 ஏப்ரலில் மனைவியில்லாமல் பிராவிடன்ஸுக்கே திரும்பினார். கல்யாணமும் அதோடு முடிந்த மாதிரிதான்.

சொல்லித்தான் ஆக வேண்டிய ஒன்று

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். லவ்கிராஃப்ட் நிற வெறி பிடித்தவர். கறுப்பின மக்கள், யூதர்கள், வேறு நாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள் எல்லோரையும் கீழானவர்களாகத்தான் பார்த்தார். கடிதங்களிலும் கவிதையிலும் கதையிலும் அதை எழுதி வைத்திருக்கிறார். அவர் கட்டிய சோனியாவே, இன்றைய உக்ரைன் பகுதியில் பிறந்து சிறு வயதில் அமெரிக்கா வந்த யூதப் பெண்தான்! நியூயார்க் தெருக்களில் உழைத்துச் சாப்பிட்ட ஏழை ஜனங்களைப் பார்த்து இவர் அருவருத்தார். பிற்காலத்தில் அரசியலில் பல கருத்துகளை மாற்றிக்கொண்டவர், இதை மட்டும் விட்டொழிக்கவில்லை.

படிக்கும்போது எனக்குப் புத்தகத்தை மூடிவிடலாம் போல இருந்தது. திண்ணைக்கு வெளியே நிற்க வைத்துத் தண்ணி ஊத்துற ஆட்களை நமக்குத் தெரியாதா என்ன? என்னையும் அவர் அப்படித்தான் பார்த்திருப்பார். ‘உலக ஃபேன்டஸி விருது’ என்று ஒரு விருது உண்டு. அதற்கு லவ்கிராஃப்டின் தலை உருவத்தைத்தான் பல வருஷமாகக் கொடுத்து வந்தார்கள். 2011-ல் அந்த விருதை வாங்கிய நெடி ஒகோராஃபோர், நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த பெண் எழுத்தாளர். தன் இனத்தையே வெறுத்தவரின் தலையைத் தன் வீட்டில் வைத்திருப்பது எப்படி இருக்கிறது என்று வெளிப்படையாகவே எழுதினார். 2015-ல் அந்த உருவத்தை நிறுத்திவிட்டார்கள். அது நியாயம் என்றுதான் எனக்குப் படுகிறது. அவருடைய தொழிலிலிருந்து கற்றுக்கொள்வோம். தலையை வீட்டில் வைத்துக் கும்பிட வேண்டியதில்லை.

மறுத்தவரே வாங்கினார்

ஊருக்குத் திரும்பிய லவ்கிராஃப்ட் வெறி பிடித்த மாதிரி எழுதினார். 1926 கோடையில் எழுதியதுதான் ‘தி கால் ஆஃப் கதூலு’. இன்று உலகம் முழுக்கத் தெரிந்த கதை. வியர்ட் டேல்ஸில் அப்போது புது ஆசிரியர், ஃபார்ன்ஸ்வொர்த் ரைட். அவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்! 1927-ல் டொனால்டு வான்ட்ரி என்ற இளைஞர், வழியில் போகிற வண்டிகளில் தொற்றிக்கொண்டே சிகாகோ போய், ரைட்டைப் பார்த்துப் பேசினார். லவ்கிராஃப்ட் வேறு பத்திரிகைக்குப் போகப்போகிறார் என்று லேசாக ஒரு பயமும் காட்டினார். பிறகு ரைட் மறுபடி கதையைக் கேட்டு வாங்கி, 1928 பிப்ரவரியில் வெளியிட்டார். 165 டாலர் கிடைத்தது. கதையில் எந்தப் பெரிய மாற்றமும் இல்லை. மாறியது ஆசிரியரின் மனசு மட்டும்தான்!

எல்லா இடத்திலும் இப்படி நடக்கவில்லை. விண்ணிலிருந்து விழுந்த ஒரு கல், ஒரு விவசாயியின் கிணற்றையும் நிலத்தையும் குடும்பத்தையும் உறிஞ்சிக் கொல்வதைப் பற்றி ஒரு கதை எழுதினார். (கிணறு என்றதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்!) அதை 1927-ல் வெளியிட்ட வேறொரு பத்திரிகை, பல தடவை கேட்ட பிறகு கொடுத்தது வெறும் 25 டாலர். கவிதையும் விடவில்லை. 1929, 1930-ல் முப்பத்தாறு சிறு கவிதைகள் கொண்ட ஒரு தொகுதி எழுதினார். அதிலிருந்து சிலவற்றை வியர்ட் டேல்ஸ் வெளியிட்டது. வயிற்றுப் பாட்டுக்கு, மற்றவர்கள் எழுதிய மோசமான கதைகளைத் திருத்திக் கொடுத்து அற்பக் கூலி வாங்கினார்.

கதவைச் சாத்திக்கொண்டவர்

1931. அண்டார்டிகா பனிமலைகளில் மனிதனுக்கு முந்தைய ஒரு நகரத்தைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக் குழுவைப் பற்றி, ‘அட் தி மவுண்டன்ஸ் ஆஃப் மேட்னஸ்’ என்ற நெடுங்கதையை எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்களைத் தானே டைப் அடித்தார். டைப் அடிப்பதை அவ்வளவு வெறுத்தவர்! ரைட் அதைத் திருப்பி அனுப்பினார். ரொம்ப நீளம், தொடராகப் பிரிக்க வசதியில்லை என்பது காரணம். அதே சமயத்தில் ஒரு பெரிய புத்தக நிறுவனமும் அவர் கதைத் தொகுதியை வேண்டாம் என்றுவிட்டது.

மனிதர் உடைந்துபோனார். இதற்கு முன்னால் எவ்வளவோ திரும்பி வந்திருக்கிறது. ஆனால் இந்த முறை அவர் கதவைச் சாத்திக்கொண்டார். அடுத்த ஐந்து வருஷம் புதிய கதைகளைத் தானாக எங்கும் அனுப்பவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். எழுதுவார், நண்பர்களுக்குச் சுற்றுக்கு விடுவார், யாராவது ஒரு குறை சொன்னால் மேஜைக்குள் போட்டுவிடுவார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களுக்கு அவர் சொன்னது நேர் எதிர். அவருக்கு ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதுகிற பழக்கம். 1933-ல் ராபர்ட் பிளாக் என்ற பதினாறு வயதுப் பையன் அவருக்கு எழுதினான். கதை எழுது, எனக்கு அனுப்பு, பத்திரிகைக்கும் அனுப்பு என்று தைரியம் கொடுத்தார். பையன் அனுப்பினான். திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினான். பதினேழு வயதில் வியர்ட் டேல்ஸ் அவன் கதையை வாங்கிவிட்டது! அந்தப் பையன்தான் பின்னால் 1959-ல் ‘சைக்கோ’ நாவலை எழுதியவர். ஹிட்ச்காக் அதைத்தான் 1960-ல் படமாக்கினார். 1935-ல் இந்தப் பையன் தன் கதையில் லவ்கிராஃப்ட் மாதிரி ஒரு பாத்திரத்தைக் கொன்றான், அவருடைய அனுமதியோடு. பதிலுக்கு அவரும் தன் கதையில் பிளாக் மாதிரி ஓர் இளைஞனைக் கொன்று பழி தீர்த்துக்கொண்டார்! இவ்வளவு நல்ல வாத்தியார், தனக்கு மட்டும் அந்தப் பாடத்தை நடத்திக்கொள்ளவில்லை.

அப்புறம் அவரை யார் காப்பாற்றினார்கள்? நண்பர்கள்தான். ஆகஸ்ட் டெர்லத் என்ற நண்பர், இவர் மூடி வைத்த ஒரு கதையை 1933-ல் தானே ரைட்டுக்குக் காட்டினார். ரைட் 140 டாலருக்கு வாங்கிக்கொண்டார். 1935-ல் ஃபுளோரிடாவில் ராபர்ட் பார்லோ என்ற பதினேழு வயது ரசிகன் வீட்டில் லவ்கிராஃப்ட் தங்கியிருந்தார். அவர் ஒரு பள்ளிக்கூட நோட்டில் கிறுக்கி வைத்திருந்த நெடுங்கதையை அந்தப் பையன் அவருக்கே தெரியாமல் டைப் அடித்துக் கொடுத்தான். வான்ட்ரி அதை ‘அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்’ பத்திரிகைக்குக் கொண்டுபோனார். 280 டாலர். நாலு வருஷம் தூங்கிய அண்டார்டிகா கதையை ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ் என்ற இளம் ஏஜென்ட் அதே பத்திரிகைக்கு விற்றுக் கொடுத்தார். 350 டாலர். இரண்டும் 1936-ல் வெளிவந்தன. அந்த உற்சாகத்தில் லவ்கிராஃப்ட் 1936-ல் இரண்டு கதைகளைத் தானே ரைட்டுக்கு அனுப்பினார். ரைட் இரண்டையும் உடனே வாங்கிக்கொண்டார்! அதில் ஒன்று 1933-லேயே எழுதியது. மூன்று வருஷம் மேஜைக்குள் கிடந்தது. யாரும் அதை மறுக்கவில்லை. அவர்தான் அனுப்பவில்லை.

காலம் கடந்துவிட்டது

ஆனால் அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. குடலில் புற்றுநோய். முற்றிய பிறகுதான் டாக்டரிடம் போனார். 1937 மார்ச் 15-ல் இறந்தபோது வயது 46. அவர் கண்ணால் பார்த்த ஒரே சொந்தப் புத்தகம் 1936-ல் வந்தது. பெயர் ‘தி ஷேடோ ஓவர் இன்ஸ்மவுத்’. அச்சுப்பிழை மலிந்து, சுமார் இருநூறு பிரதி மட்டும் பைண்டு செய்யப்பட்ட ஒரு சின்னப் புத்தகம். ‘சார்லஸ் டெக்ஸ்டர் வார்டு’ என்ற அவருடைய நாவல் 1927-ல் எழுதியது. டைப் அடிக்கச் சோம்பிப்போய் பத்து வருஷம் கையெழுத்திலேயே வைத்திருந்தார். அது அச்சில் வந்தது 1941-ல். வெளியிட்டது யார் தெரியுமா? அதே வியர்ட் டேல்ஸ்தான்!

டெர்லத்தும் வான்ட்ரியும் அவருடைய கதைகளைப் புத்தகமாக்கப் பெரிய நிறுவனங்களிடம் அலைந்தார்கள். நடக்கவில்லை. 1939-ல் தாங்களே ‘ஆர்க்கம் ஹவுஸ்’ என்ற பதிப்பகத்தைத் தொடங்கி 1,268 பிரதி அச்சடித்தார்கள். அது விற்றுத் தீரவே சில வருஷம் ஆனது. இன்று அவர் கதை இல்லாத நாடு இல்லை. பார்லோ பாதுகாத்துக் கொடுத்த கையெழுத்துப் பிரதிகள் எங்கே இருக்கின்றன தெரியுமா? பிரவுன் பல்கலைக்கழக நூலகத்தில்! அந்த மனிதனால் எந்த வாசலை மிதிக்க முடியவில்லையோ, அந்த வாசலுக்குள் அவருடைய பள்ளிக்கூட நோட்டு போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த நோட்டு அங்கு கிடைத்ததே 1995-ல்தான்.

நமக்கு என்ன?

இவ்வளவையும் படித்து முடித்தபோது நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். லவ்கிராஃப்டின் கதை திரும்பி வந்ததற்கு ஆசிரியர்கள் பொறுப்பு. அது அவர்கள் வேலை. சில சமயம் அவர்கள் கணிப்பு தப்பும். மேஜைக்குள் கிடந்த வருஷங்களுக்கு மட்டும் அவரேதான் பொறுப்பு. நாற்பத்தாறு வயதில் முடிந்த வாழ்க்கையில் ஐந்து வருஷம் என்பது எவ்வளவு பெரிய தொகை!

அப்புறம் இன்னொன்று. பெரிய வீட்டுப் பையனுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார ஒரு வீடாவது இருந்தது. நமக்கு அது கூடக் கிடையாது. அப்பா கூலிக்குப் போகிறார், நாம் பாஸாகி வேலைக்குப் போயாக வேண்டும். கதை எழுதுவது நமக்குச் சோறு போடாது, சரிதான். அதற்காக எழுதினதைப் பெட்டியில் பூட்டி வைத்தால் யாருக்கு லாபம்?

எழுதுகிற நண்பர்களுக்கு நான் தெரிந்துகொண்ட நாலு விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன். ஒன்று, தெளிவாக, இடம் விட்டு, பக்க எண் போட்டு எழுதுங்கள். இரண்டு, எப்போதும் ஒரு பிரதி கையில் இருக்கட்டும். மூன்று, கூட வைக்கிற கடிதத்தில் உங்களை நீங்களே மட்டம் தட்டாதீர்கள், ஜம்பமும் அடிக்காதீர்கள், இரண்டு வரி போதும். நாலு, உங்களுக்கு ஒரு பார்லோ இருக்கிறானா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் யாருக்காவது பார்லோவாக இருங்கள்.

எனக்கு இருக்கிறான். என் ரூம்மேட். என் கிறுக்கல் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஆசிரியர் பயந்திருப்பார், பேயைப் பார்த்து இல்லைடா என்று கிண்டல் பண்ணுவான். போன மாதம் அவனே இரண்டு ராத்திரி உட்கார்ந்து, ஒன்பது பக்கத்தையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தான். மறுபடி படித்தபோது மூணாவது பக்கம் தேவையே இல்லை என்று எனக்கே தெரிந்தது. எடுத்துவிட்டேன். எட்டுப் பக்கக் கதையை வேறொரு சிறுபத்திரிகைக்கு அனுப்பியிருக்கிறேன்.

இந்தத் தடவை அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். என் கையெழுத்தில் ஒரு கவர் வந்தால் அது வேலை ஆர்டர் இல்லை, நான் எழுதின கதை என்று. அப்படியா, என்ன கதை என்று கேட்டாங்க. அடுப்படியில் உட்கார்ந்து முழுசாகப் படித்துக் காட்டினேன். கிணற்றில் சத்தம் கேட்கிற இடத்தில், அம்மா எழுந்துபோய் வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தாங்க!

கவர் திரும்பி வந்தால் வரட்டும். மூன்றாவது விலாசத்தையும் எழுதி வைத்திருக்கிறேன்.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை